கணினித் திண்ணை: பாஸ்வேர்டு கேட்காமல் நேரே திறக்குமா?

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு 77 வயது. பணி நிறைவு பெற்ற தலைமை ஆசிரியர். போன வருடம் பக்கவாதம் வந்து வலக்கை சரியாக வருவதில்லை. என் மகனுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் சும்மா கிடந்தது. அதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம் போட்டு அப்பாவிடம் கொடுத்தோம். தேவாரம் கேட்பார், பேப்பர் படிப்பார், சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியோடு முகம் பார்த்துப் பேசுவார். ஆனால் ஆன் செய்ததும் பாஸ்வேர்டு கேட்கிற திரையிலேயே நின்றுபோகிறார். இடக்கை ஒற்றை விரலால் எட்டு எழுத்து அடிப்பதற்குள் ஒன்று தப்பிவிடுகிறது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்வரை அந்தத் திரையை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். நேரே டெஸ்க்டாப் வரச் செய்ய முடியுமா? கணினி தெரிந்த ஒருவர், "பாஸ்வேர்டையே எடுத்துவிடுங்கள்" என்கிறார். எடுத்துவிடலாமா?
— வாசகி, மன்னார்குடி

பதில்: நேரே டெஸ்க்டாப் வரச் செய்யலாம் சகோதரி. பாஸ்வேர்டை மட்டும் எடுக்காதீர்கள். "கேட்காமல் உள்ளே விடு" என்பது வேறு, "பாஸ்வேர்டே கிடையாது" என்பது வேறு. முதல் வகையில் பாஸ்வேர்டு இருந்த இடத்தில் இருக்கும்; ஆன் செய்கிற அந்த ஒரு நேரத்தில் மட்டும் கேட்காது. இரண்டாவது வகையில் அந்தக் கணக்குக்கு எந்த இடத்திலும் காவல் இல்லாமல் போகும்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் அம்மா ஞாபகம் வந்துவிட்டது. அம்மாவுக்கு 81 வயது. காரைக்குடி வீட்டில் தனியாக இருக்கிறார். பேத்தி சொல்லிக்கொடுத்துத் தமிழ்99 விசைப்பலகையில் எழுதப் பழகியவர். தனக்குத் தெரிந்த பலகாரப் பக்குவங்களை ஒவ்வொன்றாக எழுதிவைத்து வருகிறார். ஒருநாள் போனில், "தம்பி, எனக்கு நெனப்புத் தப்புதுடா. பாஸ்வேர்டு மறந்துபோச்சு. நாலு நாளா அடிச்சு அடிச்சுப் பாக்குறேன், தப்பு தப்புங்குது" என்றார். குரல் உடைந்திருந்தது. சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். அம்மா எதையும் மறக்கவில்லை. தமிழில் எழுதிக்கொண்டிருந்தவர் அடுப்பைப் பார்க்க எழுந்துபோயிருக்கிறார். அதற்குள் திரை பூட்டிக்கொண்டது. விசைப்பலகை தமிழிலேயே நின்றதால், திரும்பி வந்து அடித்த ஆங்கில பாஸ்வேர்டு முழுக்கத் தமிழ் எழுத்தாக உள்ளே போயிருக்கிறது. அந்தப் பெட்டியில் புள்ளிகள்தானே தெரியும்? அவருக்கு எப்படித் தெரியும்? லேப்டாப்பை மூடி மூடித் திறந்தாரே தவிர ஒருமுறையும் முழுதாக அணைக்கவில்லை. நாலு நாள் தன் மூளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அதை நினைத்தால் இன்றும் என் மனசு ஆறவில்லை. அன்று மாலையே அம்மா கணினியில் கேள்வி கேட்கும் திரைகள் எல்லாவற்றையும் எடுத்தேன்.

கணினி ஏன் கேட்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டு என்ற பழக்கம், ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுக்கொண்ட காலத்தில் வந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் 1961-இல் செயல்படுத்திக் காட்டிய சிடிஎஸ்எஸ் அமைப்பில், ஒருவர் கோப்பை இன்னொருவர் தொடக்கூடாது என்பதற்காக ஆளுக்கொரு பாஸ்வேர்டு வைத்தார்கள். லினக்ஸ் அந்த வழியில் வந்தது. பலர் வந்துபோகும் இடம் என்று நினைத்துக்கொண்டுதான் அது விழிக்கிறது. விண்டோஸ் 95 வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும்: பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியில் எஸ்கேப் விசையைத் தட்டினால் டெஸ்க்டாப் வந்துவிடும். அது காவலுக்கு வைத்ததல்ல. யார் என்று தெரிந்துகொள்ள வைத்தது. உங்கள் வீட்டில் அந்த லேப்டாப்பைத் தொடுகிறவர் அப்பா ஒருவர்தான் என்றால், தினமும் அவரை நிறுத்திவைத்து "நீ யார்" என்று கேட்பதில் பொருளே இல்லை.

இனி வேலைக்கு வருவோம். பொத்தானை அழுத்தியதும் தாய்ப்பலகையில் இருக்கும் யூஇஎஃப்ஐ அல்லது பயாஸ் என்ற தொடக்க நிரல் விழிக்கும். அது கிரப் என்ற துவக்கியை எழுப்பும். கிரப், லினக்ஸின் மையமான கெர்னலை ஏற்றும். கெர்னல் சிஸ்டம்டி என்பதைக் கிளப்ப, அது மற்ற சேவைகளை எல்லாம் தொடங்கிக் கடைசியில் டிஸ்பிளே மேனேஜர் என்ற வாயிற்காப்போனை நிறுத்தும். பெயர் கேட்பதும் பாஸ்வேர்டு கேட்பதும் இவர் வேலை. லினக்ஸ் மின்ட்டில் இவர் பெயர் லைட்டிஎம். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகையில் 17.10 பதிப்பிலிருந்து ஜிடிஎம். கேடிஈ பிளாஸ்மா டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் எஸ்டிடிஎம். இவரை நாம் வேலையை விட்டு அனுப்பப் போவதில்லை. "பொத்தானை யார் அழுத்தினாலும் சரி, இன்னார் பெயரில் திறந்து விட்டுவிடு" என்று ஒரு வரி எழுதிக் கையில் கொடுக்கிறோம். அவ்வளவுதான்.

அந்த "இன்னார்" யார் என்பதில்தான் கவனமாக இருக்க வேண்டும். லேப்டாப்பில் இப்போது இருப்பது ஒரே கணக்கு என்று நினைக்கிறேன். லினக்ஸ் போட்டபோது உருவாக்கியது. அது நிர்வாகக் கணக்கு. அதைத் திறந்துவைக்காதீர்கள். அப்பா பெயரில் புதிதாக ஒன்று உண்டாக்குங்கள். மெனுவில் அட்மினிஸ்ட்ரேஷன் பகுதியில் 'யூசர்ஸ் அண்ட் குரூப்ஸ்' இருக்கும். 'ஆட்' அழுத்தி, கணக்கின் வகையை 'ஸ்டாண்டர்ட்' என்று வைத்து, ஒரு பாஸ்வேர்டும் கொடுத்துவிடுங்கள். அந்தப் பாஸ்வேர்டு அப்பாவுக்குத் தெரிய வேண்டியதில்லை; உங்கள் டைரியில் இருந்தால் போதும். இந்தக் கணக்கிலிருந்து கணினியின் அடிப்படை அமைப்பை மாற்ற முடியாது. கை தடுமாறி எதை அழுத்தினாலும் அவருடைய டெஸ்க்டாப் கலையுமே தவிர, கணினி கெடாது.

பிறகு அதே அட்மினிஸ்ட்ரேஷன் பகுதியில் 'லாகின் விண்டோ' என்பதைத் திறந்து, 'யூசர்ஸ்' பக்கத்துக்குப் போனால் 'ஆட்டோமேட்டிக் லாகின்' என்று ஒரு பகுதி தெரியும். அதில் அப்பா கணக்கின் பெயரைச் சின்ன எழுத்து, பெரிய எழுத்து மாறாமல் அப்படியே எழுதுங்கள். கீழே எத்தனை விநாடி காத்திருப்பது என்று ஓர் எண் கேட்கும். அதை 10 என்று வைக்கச் சொல்வேன். லாகின் திரை பத்து விநாடி நிற்கும். அப்பா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தானே திறந்துகொள்ளும். உங்களுக்கு நிர்வாகக் கணக்கு வேண்டுமென்றால் அந்தப் பத்து விநாடிக்குள் உங்கள் பெயரைத் தொட்டு நுழையலாம். அந்தத் திரை கண்ணில் படுவதே அப்பாவுக்குப் பதற்றம் என்றால் பூஜ்யம் வையுங்கள். நீங்கள் வேலை செய்ய வேண்டிய நாளில் 'லாக் அவுட்' கொடுத்தால் லாகின் திரை வந்துவிடும். ஒன்று கவனியுங்கள்: கணக்கு உண்டாக்கும்போது அந்தக் கணக்கின் கோப்புகள் இருக்கும் ஹோம் ஃபோல்டரை என்கிரிப்ட் செய்திருந்தால், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றியிருந்தால், இது வேலை செய்யாது. அதைத் திறக்கும் சாவியே அந்தப் பாஸ்வேர்டுதான்.

இதோடு முடிந்தது என்று போய்விடாதீர்கள். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். லாகின் திரை ஒன்று, பூட்டுத் திரை வேறொன்று. லாகின் திரையை எடுத்தும், சில நிமிடம் தொடாமல் விட்டால் பூட்டுத் திரை வந்து பாஸ்வேர்டு கேட்கும். என் அம்மாவை வாட்டியது இதுதான். அப்பா கணக்கில் நுழைந்து, 'சிஸ்டம் செட்டிங்ஸ்' போய், 'ஸ்கிரீன்சேவர்' பகுதியில் இரண்டு பூட்டுகளையும் நிறுத்துங்கள்: திரை அணைந்தபின் பூட்டுவது ஒன்று, லேப்டாப்பை மூடித் தூங்கவிட்டால் பூட்டுவது இன்னொன்று. இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

அரசு லேப்டாப் என்றதால் இன்னொன்று. அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுத்தார்கள். மத்திய அரசின் சிடாக் நிறுவனம் டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது அது. நீங்கள் மின்ட் போட்டபோது பழைய விண்டோஸை அழிக்காமல் விட்டிருந்தால், ஆன் செய்ததும் கறுப்புப் பட்டியல் ஒன்று வந்து எது வேண்டும் என்று கேட்கும். அது கிரப். சில விநாடியில் தானே நகர்ந்துவிடும், பயப்பட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவையுங்கள். விண்டோஸ் இனி வேண்டாம் என்றால் அடுத்த முறை மின்ட் நிறுவும்போது முழு வட்டையும் அதற்கே கொடுத்துவிடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பகம் ஒன்று மாட்ட முடிந்தால் மாட்டுங்கள். அம்மா லேப்டாப்பில் மாட்டியபின், பொத்தானை அழுத்திவிட்டு மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போடுவதற்குள் டெஸ்க்டாப் வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்து அந்த லேப்டாப்புக்குச் செய்த செலவில் இதுதான் உருப்படியான செலவு.

ஆபத்து உண்டா என்று கேட்டால், அந்த லேப்டாப்பில் என்ன இருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். தேவாரமும் செய்தித்தாளும் என்றால் அஞ்ச ஒன்றுமில்லை. ஆனால் அப்பாவின் ஓய்வூதிய வங்கிக் கணக்கு பிரவுசரில் சேமித்திருந்தால், ஆதார் நகல் டெஸ்க்டாப்பில் கிடந்தால், உங்கள் மின்னஞ்சல் எப்போதும் திறந்தே இருந்தால், அவற்றை எல்லாம் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். குறிப்பாக மின்னஞ்சலை. மற்ற பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றிக்கொள்ள அது ஒன்று போதும். பணம் சம்பந்தமான வேலை எல்லாம் உங்கள் கணக்கில் நடக்கட்டும். பழுதுபார்க்கக் கொடுக்க நேர்ந்தால், கொடுப்பதற்கு முந்தின நாள் தானாக நுழைவதை நிறுத்திவிட்டுக் கொடுங்கள்.

லாகின் திரை இருந்தால் பத்திரம் என்றும் நினைக்காதீர்கள். வட்டு என்கிரிப்ட் ஆகாத கணினியை, லினக்ஸ் ஏற்றிய ஒரு பென்டிரைவ் கொண்டு எழுப்பினால், பாஸ்வேர்டு தெரியாமலே உள்ளே உள்ள கோப்புகளைப் படிக்கலாம். லேப்டாப்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள் மின்ட் நிறுவும்போதே வட்டு முழுவதையும் என்கிரிப்ட் செய்துவிட்டு, அதற்குப் பிறகு வரும் லாகினைத் தானாக விடலாம். தொடக்கத்தில் ஒரே ஒரு பாஸ்வேர்டு, அதுவும் உண்மையான பூட்டு. நான் என் லேப்டாப்பில் அப்படித்தான் வைத்திருக்கிறேன். அப்பாவுக்கு அது வேண்டாம். நாம் எடுக்க நினைக்கிற சுமையையே திரும்ப அவர் தலையில் வைப்பதாகும்.

கேள்வி: உபுண்டுவில் ஆட்டோமேட்டிக் லாகின் போட்டுவிட்டேன். நேரே டெஸ்க்டாப் வருகிறது. ஆனால் குரோம் திறந்ததும் "லாகின் கீரிங் திறக்கப்படவில்லை, பாஸ்வேர்டு கொடு" என்று ஒரு பெட்டி குதிக்கிறது. கேன்சல் கொடுத்தால் மறுபடி வருகிறது. ஏன் இப்படி?
— வாசகர், கோவில்பட்டி

பதில்: கீரிங் என்றால் சாவிக்கொத்து. நீங்கள் சேமிக்கிற பாஸ்வேர்டுகளை உபுண்டு ஒரு பெட்டியில் பூட்டி வைக்கிறது. அந்தப் பெட்டியின் பூட்டும் உங்கள் லாகின் பாஸ்வேர்டும் ஒன்று. வழக்கமாக லாகினில் நீங்கள் அடித்ததையே வாங்கிக்கொண்டு பெட்டியைச் சத்தமில்லாமல் திறந்துவிடும். இப்போது நீங்கள் எதையும் அடிப்பதில்லை. அதன் கையில் சாவி வந்து சேரவில்லை. குரோம் தன் ரகசியச் சாவியை அந்தப் பெட்டியில் வைத்திருப்பதால் திறக்கச் சொல்லி நச்சரிக்கிறது. பழுது எதுவும் இல்லை.

'பாஸ்வேர்ட்ஸ் அண்ட் கீஸ்' என்ற செயலியில் 'லாகின்' என்ற கொத்தை வலது சொடுக்கிட்டு, 'சேஞ்ச் பாஸ்வேர்ட்' கொடுத்து, புதிய பாஸ்வேர்டை வெறுமையாக விட்டால் தொல்லை நிற்கும் என்று பலர் சொல்வார்கள். நிற்கும். ஆனால் அதன்பின் பெட்டிக்குள் இருப்பதெல்லாம் பூட்டில்லாமல் வட்டில் கிடக்கும். உபுண்டுவே உங்களை எச்சரிக்கும். குரோமில் வங்கி பாஸ்வேர்டு சேமித்தவர்கள் இதைச் செய்யவே கூடாது. பதிலாக ஃபயர்பாக்ஸ் பயன்படுத்துங்கள். அது இந்தக் கொத்தை நம்பியிராமல் தனக்கென்று ஒரு சேமிப்பு வைத்துக்கொள்கிறது. 'பிரைமரி பாஸ்வேர்ட்' என்று ஒன்று வைத்துவிட்டால், சேமித்த பாஸ்வேர்டு தேவைப்படும் இடத்தில் மட்டும் கேட்கும். மற்றபடி வாயைத் திறக்காது.

கேள்வி: விண்டோஸ் 11-இல் இதற்கென்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்தால் போதும் என்று படித்தேன். என் கணினியில் அந்த டிக்கே இல்லை.
— வாசகர், ஆம்பூர்

பதில்: இருக்கிறது, ஒளித்து வைத்திருக்கிறார்கள். முதலில் செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்', அதில் 'சைன்-இன் ஆப்ஷன்ஸ்' போங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்குகளுக்கு விண்டோஸ் ஹலோ (முகம், விரல்ரேகை, பின் எண் கொண்டு நுழைவது) மட்டுமே அனுமதி என்ற பொருளில் ஒரு சுவிட்ச் இருக்கும். அதை அணையுங்கள். பிறகு விண்டோஸ் விசையோடு ஆர் தட்டி, வரும் பெட்டியில் என், இ, டி, பி, எல், டபிள்யூ, ஐ, இஸட் என்ற எட்டு ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் கொடுங்கள். திறக்கும் சன்னலின் உச்சியில் நீங்கள் தேடுகிற டிக் நிற்கும். அதை எடுத்து 'அப்ளை' கொடுத்தால் பாஸ்வேர்டு கேட்கும். இந்த இடத்தில் நான்கு இலக்க பின் எண்ணைக் கொடுத்துவிட்டு, "வேலை செய்யவில்லை" என்று எழுதுகிறவர்கள் நிறைய. கொடுக்க வேண்டியது மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழுப் பாஸ்வேர்டு.

விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் போய் 'டிஃபால்ட் பாஸ்வேர்ட்' என்று எழுதிவைக்கிற பழைய முறையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் பாஸ்வேர்டு அங்கே வெறும் எழுத்தாகக் கிடக்கும். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் 'ஆட்டோலாகன்' என்ற சின்ன நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. அது என்கிரிப்ட் செய்து வைக்கும். அதையும் நிர்வாக உரிமை உள்ளவரால் எடுத்துவிட முடியும். அதனால் அலுவலகக் கணினியில் இது எதுவுமே வேண்டாம்.

கேள்வி: பழைய 1 ஜிபி ராம் கணினியில் டெபியன் போட்டிருக்கிறேன், டிஸ்பிளே மேனேஜர் எதுவும் போடவில்லை. ஒவ்வொரு முறையும் கறுப்புத் திரையில் பெயர், பாஸ்வேர்டு, பிறகு டெஸ்க்டாப்பை எழுப்ப ஸ்டார்ட்எக்ஸ் என்று அடிக்கிறேன். டிஸ்பிளே மேனேஜர் போடாமலே நேரே வர வழி உண்டா?
— கல்லூரி மாணவர், நாகர்கோவில்

பதில்: உண்டு தம்பி. இரண்டு இடத்தில் கை வைக்க வேண்டும். முதல் இடம், முதல் கறுப்புத் திரையைக் காக்கும் கெட்டி சேவை. சிஸ்டம்சிடிஎல் எடிட் கட்டளை மூலம் டிடிஒய்1 என்ற அந்த முதல் திரைக்கான கெட்டி சேவையைத் திறந்து, ஆட்டோலாகின் விருப்பத்தோடு உன் பெயரைச் சேர்த்து 'எக்ஸெக்ஸ்டார்ட்' வரியை எழுது. அந்த வரிக்கு மேலே, சமக்குறிக்குப் பின் எதுவும் எழுதாத வெறும் 'எக்ஸெக்ஸ்டார்ட்' வரி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். பழைய கட்டளையை அழிப்பது அந்தக் காலி வரிதான். அதை விட்டுவிட்டால் இரண்டு கட்டளை இருக்கிறது என்று சிஸ்டம்டி ஏற்க மறுக்கும்.

இரண்டாவது, உன் ஹோம் ஃபோல்டரில் இருக்கும், நீ நுழைந்ததும் ஓடுகிற புரொஃபைல் கோப்பு. நுழைந்த திரை டிடிஒய்1 என்றால் மட்டும் ஸ்டார்ட்எக்ஸ் ஓடட்டும் என்று ஒரு நிபந்தனை எழுது. ஸ்டார்ட்எக்ஸுக்கு முன்னால் 'எக்ஸெக்' சேர்த்துவிடு. சேர்க்காவிட்டால், டெஸ்க்டாப் செத்துவிழுந்தாலோ நீ மூடினாலோ, உன் பெயரில் திறந்த கறுப்புத் திரை பின்னால் அப்படியே நிற்கும். சேர்த்தால் கெட்டி திரும்பவும் நுழைத்து டெஸ்க்டாப்பை எழுப்பிவிடும்.

டெஸ்க்டாப்பில் ஏதாவது கோளாறு வந்தால் எழுந்து விழுந்து, எழுந்து விழுந்து என்று சுழலும். அப்போது மிரண்டு பவரைப் பிடுங்காதே. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 மூன்றையும் சேர்த்து அழுத்து. இரண்டாவது கறுப்புத் திரை வரும். அங்கே வழக்கம்போலப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து நுழைந்து, புரொஃபைல் கோப்பில் அந்த வரியின் தொடக்கத்தில் ஒரு ஹாஷ் குறி போட்டுவிட்டு, நிதானமாகக் கோளாறைத் தேடலாம்.